தூக்கம் வராதவங்க மேல போங்க

மருந்து ஆராய்ச்சியில் வேலை என்றதும் வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குழாய், மைக்ராஸ்கோப் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது போன் பேசுவது, ஃபாரம் நிரப்புவது, கொடுத்த மாத்திரையில் எத்தனை மிச்சம் என்று எண்ணுவது, அவ்வளவுதான்.

ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், ஸ்கேன் அறைக்கும் லிப்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு சின்ன அறை. கதவில் 'ஆய்வு ஒருங்கிணைப்பாளர்' என்று போட்டிருக்கும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு ஒரு புது மாத்திரை வந்திருந்தது. அது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பல ஊர்களில் ஒரே நேரத்தில் சோதித்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியும் அதில் ஒன்று. சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை. மீதிப் பாதிக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது, எங்கள் டாக்டருக்கும் தெரியாது. டாக்டர் என்றால் மாலதி மேடம், மனநல மருத்துவர், அதிர்ந்து பேசமாட்டார். மருந்தறையில் மஞ்சுநாத், கன்னடக்காரர், எல்லா மொழியிலும் அதிர்ந்துதான் பேசுவார். நாங்கள் மூன்று பேர்தான் மொத்த ஆராய்ச்சியும்.

படுக்கையில் புரண்டு புரண்டு, ஃபேனின் மூன்று இறக்கைகளையும் தனித்தனியாகத் தெரிந்துவைத்திருக்கும் என் அருமை வாசகர்களே, இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்கள் இதைப் பாதியிலேயே மூடிவைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள்.

முதல் வாரம்

விளம்பரத்தில் என்ன எழுதலாம் என்று நெறிமுறைக் குழு வரிவரியாகப் பார்த்து அனுமதி கொடுத்திருந்தது. அரைப் பக்கம் வரும். அதைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. கீழே வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணன் அதை நாலே வார்த்தையில் முடித்துவிட்டார்: "தூக்கம் வராதவங்க மேல போங்க." மூன்றாம் நாளே படிக்கட்டு வரைக்கும் வரிசை நின்றது.

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கம்பெனி ஆட்கள். இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு. எங்கள் விதிப்படி அவர்களைச் சேர்க்கக்கூடாது. நேரம் மாறி மாறி வேலை செய்கிறவருக்குத் தூக்கம் கெடுவது வேறு விஷயம். நாங்கள் தேடியது, படுக்க நேரமும் இடமும் இருந்தும் மாதக்கணக்கில் தூக்கம் வராதவர்களை. இதை ஒவ்வொருவருக்கும் விளக்கி, ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பி, எனக்குத் தொண்டை கட்டிப்போனது. அவர்களையெல்லாம் தனியாக ஓ.பி.யில் பார்ப்பதாக மாலதி மேடம் சொன்ன பிறகுதான் நான் பயமில்லாமல் லிப்டில் போய்வந்தேன்.

முருகேசன் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். என் மேஜையிலிருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு எழுந்து கதவருகே நின்று சொன்னார்: "ஊர்ல தூங்காதவன் பூராத்தையும் வெளிய நிப்பாட்டிப்புட்டு, உள்ள உக்காந்து தூங்காதவனத் தேடிக்கிட்டு இருக்கீக மேடம்."

படிவம்

ஒருவரை ஆய்வில் சேர்ப்பதற்கு முன் சம்மதப் படிவத்தை முழுக்கப் படித்துக்காட்ட வேண்டும். அது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்காது, கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கும். பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கும் வெங்கடேசப்பாவுக்கு அதைப் படித்துக்காட்ட ஒரு முழு முற்பகல் ஆனது. அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னடம். பூ வியாபாரம் தமிழில். கையில் கன்னடப் படிவம், விளக்குவது நான் தமிழில், நடுநடுவே மஞ்சுநாத் வந்து தெலுங்கில் ஒரு சத்தம்.

பக்க விளைவுகள் என்று ஒரு பகுதி உண்டு. தலைச்சுற்றல், வாய் உலர்தல், குமட்டல், கெட்ட கனவு, காலையில் மந்தம். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில், வெறும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இவையெல்லாம் வருவதாகச் சொல்வதுண்டு என்ற வரிக்கு வந்தோம். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். மருந்தே இல்லாத மாத்திரைக்குத் தலை எப்படிச் சுற்றும் என்று கேட்டார். வரும் என்று எதிர்பார்த்தாலே சிலருக்கு வந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன்.

கையெழுத்துப் போடாமல் எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன். அவர் பேனாவைக் கேட்டு வாங்கினார். எல்லாப் பக்கத்திலும் நிதானமாகக் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டார். படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "அப்போ தலைசுத்தல் மாத்திரையில இல்லம்மா, நீங்க படிச்சீங்களே, அதுல இருக்குது," என்றார்.

அசையாத பட்டை

சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் கையில் கட்ட ஒரு பட்டை கொடுப்போம். கடிகாரம் மாதிரி இருக்கும், மணி காட்டாது. கை அசைவதைக் குறித்துக்கொண்டே இருக்கும். ராத்திரி எவ்வளவு நேரம் புரண்டார், எவ்வளவு நேரம் அசையாமல் கிடந்தார் என்பது காலையில் அவர் வீட்டு போன் வழியாக, ஏறி இறங்குகிற ஒரு கோடாக என் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும்.

நாகரசம்பட்டி மாதம்மாளின் கோடு ஒருநாள் காலையில் நேராக வந்தது. அவருக்கு ஐம்பது வயது, மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். ராத்திரி முழுக்க ஒரு அசைவு இல்லை. மறுநாளும் இல்லை, பகலிலும் இல்லை. மனிதக் கை எவ்வளவு ஆழ்ந்த தூக்கத்திலும் கொஞ்சமாவது அசையும். போன் செய்தேன், எடுக்கவில்லை. அவர் கணவருடைய போன் அணைந்திருந்தது. மாலதி மேடத்திடம் சொன்னேன். அவர் தன் காபிக் கப்பைக் கீழே வைத்துவிட்டு, "கிளம்புங்க, நானும் இங்கேயிருந்து போன் போட்டுக்கிட்டே இருக்கேன்," என்றார். கிருஷ்ணகிரி பஸ் பிடித்தேன். அங்கிருந்து இன்னொரு பஸ். வழி நெடுக எனக்கு ஒரே யோசனை. புது மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண் இரண்டு நாளாக அசையவில்லை.

வீட்டைக் கண்டுபிடித்துப் போனால், மாதம்மாள் களத்தில் நின்று மாங்காய்க் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். நான் அப்படியே டிராக்டர் டயரில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய் மோர் கொண்டுவந்தார். கையில் பட்டை எங்கே என்று கேட்டதும் உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் பத்திரமாகத் தொங்கியது. மாங்காய்ப் பால் பட்டால் கெட்டுவிடுமே என்று கழற்றி மாட்டியிருக்கிறார், போனையும் அதன் பக்கத்திலேயே சத்தம் இல்லாமல் சார்ஜில் போட்டிருக்கிறார். எனக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று இன்றைக்கும் தெரியவில்லை. மாதம்மாள் என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்: "எனக்குத்தான் தூக்கம் வரல, அதுனா நல்லா தூங்கட்டும்னு வுட்டுட்டேன் கண்ணு."

குறட்டை

சூளகிரியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் ஹார்டுவேர் கடைக்காரர், கழுத்து தடித்த மனிதர். இரண்டு வருடமாகக் கண் மூடவில்லை என்று சத்தியம் செய்தார். மனைவி ஒரு வார்த்தை பேசாமல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் கணவர் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டார். மாலதி மேடம் பேனாவை வைத்துவிட்டு அவர் மூச்சையே கவனித்தார். குறட்டை, குறட்டை, பிறகு சத்தமே இல்லை. மூச்சும் இல்லை. பிறகு திடுக்கென்று ஒரு இழுப்பு.

இது எங்கள் ஆய்வுக்கான வியாதியே இல்லை. தூக்கத்தில் மூச்சு அடைத்து அடைத்து எழுப்பிவிடுகிற வேறு ஒன்று. அதற்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் ஆபத்தாகக்கூட முடியலாம். மூக்கில் மாட்டிக்கொள்கிற ஒரு கருவி கிடைத்தது, ஒரு மாதத்தில் மனிதர் தெளிந்துவிட்டார். திரும்பி வந்தபோது தன் தூக்கத்தைப் பற்றி அரைமணி நேரம் புகழ்ந்து பேசினார். அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் அந்த அம்மா முதல்முறையாக வாயைத் திறந்தார்: "ரெண்டு வருசமா இவரு தூங்கலன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தாரு டாக்டர், தூங்காம இருந்தது நானு."

குறிப்புப் பத்தி

தூக்க நாட்குறிப்பு என்று ஒரு சின்ன நோட்டு கொடுப்போம். படுத்த நேரம், தூக்கம் வந்த நேரம், எத்தனை முறை விழித்தீர்கள், எழுந்த நேரம். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. அதை யாரும் நிரப்பமாட்டார்கள். எழுதினாலும் 'கொசு' என்றோ 'கரண்ட் இல்லை' என்றோ இருக்கும்.

கம்பெனி ஒன்றின் கேன்டீனில் பகல் வேலை செய்யும் சரஸ்வதி அந்தப் பத்தியில் தினமும் ஒரே வரி எழுதியிருந்தார். 'போன் வரல.' பதினான்கு நாளும் அதே வரி. பதினைந்தாம் நாள், 'நானே போட்டேன். எடுக்கல.' அவருடைய மகள் தன் விருப்பப்படி ஒரு கன்னடப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறாள். அப்பா பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஓசூரிலிருந்து பஸ்ஸில் போனால் ஒரு டீ ஆறுகிற நேரம். அந்தத் தூரத்தைத் தாண்ட முடியாமல் அந்த அம்மா மூன்று வருடமாக விழித்துக் கிடந்தார். இதையெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, கேட்கவும் கூடாது, நோட்டைக் கொடுக்கும்போது அவராகவே சொன்னது. நோட்டை மாலதி மேடத்தின் முன் வைத்தேன். மேடம் நோட்டைப் படித்துவிட்டு, சரஸ்வதியையும் கணவரையும் ஒருநாள் ஒன்றாக வரச் சொன்னார். அன்றைக்கு அந்த அறைக்குள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது கணவர் கர்ச்சீப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அடுத்த முறை வந்தபோது சரஸ்வதியின் நோட்டில் ஆறு மணி, ஏழு மணி நேரத் தூக்கமெல்லாம் இருந்தது. மாத்திரையா, வேறு ஏதாவதா என்று எனக்குக் குழப்பம். எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன்: மாத்திரையைத் தவிர வேறு ஏதாவது எடுத்தீர்களா? அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சொன்னார்: "வேற ஒண்ணும் எடுக்கலிங்க மேடம், மக கொழந்தையத்தான் ரெண்டு நாள் எடுத்து வச்சிக்கினு இருந்தேன்."

ரெண்டு ரமேஷ்

இது என் தவறு. சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

மத்திகிரியில் செல்போன் கடை வைத்திருக்கும் ரமேஷும், தளி ரோட்டில் காய்கறி விதைக் கடையில் கணக்கு எழுதும் ரமேஷும் ஒரே நாளில் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் ஒரு எண் கொடுக்கும், அந்த எண் போட்ட டப்பாவைத்தான் கொடுக்க வேண்டும். மஞ்சுநாத் சரியாகத்தான் எடுத்துவைத்தார். நான் போன் பேசிக்கொண்டே கையை நீட்டி இவர் டப்பாவை அவருக்கும் அவர் டப்பாவை இவருக்கும் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை பதிவேட்டில் எண்களை ஏற்றும்போதுதான் தெரிந்தது. ஒருவேளை ஒருவருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால்? பாத்ரூமுக்குள் போய் இரண்டு நிமிடம் நின்றேன். பிறகு நேரே மாலதி மேடத்தின் அறைக்குப் போனேன், உள்ளே ஒரு நோயாளி இருந்தும் கதவைத் தட்டினேன். மேடம் திட்டவில்லை. "தெரிஞ்ச உடனே வந்தீங்கல்ல, மொதல்ல ரெண்டு பேருக்கும் போன் போடுங்க," என்றார். மஞ்சுநாத் வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

செல்போன் கடை ரமேஷ் டப்பாவைத் திறக்கவே இல்லை, மறந்துவிட்டாராம். அந்த மறதிக்கு நான் கோயிலுக்குப் போய் நன்றி சொன்னேன். விதைக்கடை ரமேஷ் ஒரு மாத்திரை போட்டிருந்தார். அவரை வரவழைத்து ரத்த அழுத்தம் பார்த்து, ஈ.சி.ஜி. எடுத்து, மருந்து கம்பெனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் நடந்ததை நடந்தபடியே எழுதி அனுப்பினோம். பயப்பட ஒன்றுமில்லை, அவரவர் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துத் தொடரலாம் என்று பதில் வந்தது. நான் மூச்சு விட்டேன். அதன் பிறகு டப்பா கொடுக்கும்போது போனைத் தொடுவதில்லை, இரண்டு பேர் எண்ணைச் சத்தமாகப் படிப்போம். எல்லாம் சுமுகமாக முடிந்தது, விதைக்கடை ரமேஷைத் தவிர. போன் போட்டு வரவழைத்த அன்றே, மாற்றிக் கொடுத்த டப்பாவை நான் திருப்பி வாங்கப்போனபோது அதை விடாமல் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்: "நாலு வருசத்துல நேத்துதான் மேடம் தூங்கினேன், தப்பான டப்பாவையே குடுத்துடுங்க."

மஞ்சள் வேன்

ஆட்களை ஏற்றி வண்டி ஓட்டுகிறவர்களையும் பெரிய மெஷினில் நிற்கிறவர்களையும் எங்கள் ஆய்வில் சேர்க்கக்கூடாது. காலையில் மந்தமாக இருந்தால் ஆபத்து. குமரேசனிடம் இதைக் கேட்டபோது மளிகைக் கடை என்றார். பொய் இல்லை, அவர் மனைவி மளிகைக் கடைதான் நடத்துகிறார். மாத்திரை கொடுத்து ஐந்தாம் நாள் காலை, நான் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும்போது பாகலூர் ரோட்டில் சிவப்பு விளக்கு. பக்கத்தில் ஒரு மஞ்சள் பள்ளிக்கூட வேன். ஜன்னல் நிறையப் பிள்ளைகள். ஸ்டியரிங்கில் குமரேசன். வாயைப் பிளந்து கொட்டாவி விட்டு, கண்ணைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பச்சை விழுந்தது. நான் அந்த வேனுக்குப் பின்னாலேயே போனேன். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் அந்த வேனின் பின்பக்கத்தைத் தவிர வேறெதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசிப் பிள்ளை இறங்கிக் கேட்டுக்குள் போனதும் நான் டிரைவர் பக்கம் போய்க் கையை நீட்டிச் சாவியைக் கேட்டேன். கேட்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. சாவியை எடுத்துக் கொடுத்தார். வேன் படிக்கட்டில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "உண்மையச் சொன்னா சேக்க மாட்டீங்கன்னு தெரியுங்க. ரெண்டு வருசம் முன்னாடி ஒரு பைக் குறுக்க வந்து சடன் பிரேக் போட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஆனா அன்னிலேர்ந்து படுத்தா பிரேக் சத்தம்தாங்க கேக்குது. தூங்காமலே வண்டி ஓட்றதுக்குப் பதிலா மாத்திரை போட்டுத் தூங்கிட்டு ஓட்டலாம்னு பாத்தேன்." எனக்கு அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயந்திரப் பிள்ளைகளை வேறு டிரைவர் கொண்டுபோய் விட்டார். குமரேசனை ஆய்விலிருந்து விலக்கினோம். மாத்திரையும் நின்றது. ஆனால் மாலதி மேடம் அவரை விடவில்லை. சாயந்திரம் இருட்டினதுமே படுக்கையில் விழுந்து விடியும் வரை புரண்டுகொண்டிருந்த மனிதரை, நடுராத்திரிக்கு முன் படுக்கையைத் தொடக்கூடாது, விடியற்காலை ஐந்துக்கு எழுந்தே ஆக வேண்டும், பகலில் கண் அசரக்கூடாது என்று கட்டளை போட்டார். அந்த பிரேக் சத்தத்தைப் பற்றி வாரம் ஒருமுறை அவரைப் பேசவைத்தார். முதல் வாரங்களில் அசதி இன்னும் கூடும் என்று முன்கூட்டியே சொல்லி, வண்டியைத் தொடக்கூடாது என்று அவர் மனைவியிடமும் சொல்லி அனுப்பினார். மச்சினர் வேன் ஓட்டினார், இவர் கடையில் பொட்டலம் கட்டினார். தூக்கம் சேரச் சேரப் படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் மாதம், ஓட்டலாம் என்று மேடம் எழுதிக் கொடுத்தார். கொய்யாப்பழப் பையோடு என் அறைக்கு வந்த குமரேசன் நிமிர்ந்து நின்று அறிக்கை கொடுத்தார்: "இப்ப நல்லா தூங்கறேங்க மேடம். வேன்ல இல்லீங்க, வூட்ல."

மானிட்டர் அம்மா

மாதம் ஒருமுறை எங்கள் காகிதங்களைச் சரிபார்க்க பெங்களூரிலிருந்து ஒரு அம்மா வருவார். மானிட்டர் என்போம். ஒரு கையெழுத்து கோட்டுக்கு வெளியே போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவர் வருகிறார் என்றால் அதற்கு முந்தின மூன்று நாள் எனக்கும் மஞ்சுநாத்துக்கும் தூக்கம் கிடையாது. தூக்கமின்மை ஆய்வில் அதற்கு ஒரு பத்தி இல்லை. ஒருமுறை அப்படி வந்து எல்லாக் கோப்புகளையும் புரட்டினார். ரமேஷ் விவகாரத்தை இரண்டு முறை படித்தார். நான் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், எழுதியிருப்பது சரியாக இருக்கிறது, இப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லிக் கோப்பை மூடினார். மஞ்சுநாத் ஓடிப்போய் டீ கொண்டுவந்தார்.

அந்த அம்மா டீயைக் குடிக்கவில்லை. லேப்டாப்பைப் பையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் அவர் கண்ணுக்குக் கீழே பூசியிருந்த பவுடரை நான் கவனித்தேன். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன், உங்க டாக்டர் வெளியாளுங்களப் பாப்பாங்களா?"

கவர் பிரித்த நாள்

எல்லா ஊர்களிலும் எல்லோரும் முடித்து, கணக்கெல்லாம் பூட்டிய பிறகுதான் யாருக்கு எது என்று அனுப்புவார்கள். அந்தக் கவர் வந்த அன்று, கேட்கிறவர்களுக்கு அவரவர் விவரத்தைச் சொல்லலாம் என்று அனுமதியும் வந்தது. முதலில் வந்து நின்றது பங்கஜம் டீச்சர். கிருஷ்ணகிரியில் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். ஏழு வருடம் தூங்காதவர். ஆய்வில் சேர்ந்த மூன்றாவது வாரத்திலிருந்து தூங்கியவர். முடிந்த பிறகும் நன்றாகத் தூங்குகிறவர். ஒருநாள் கூட மாத்திரையைத் தவறவிட்டதில்லை. எங்கள் ஆய்வின் பெருமையே அவர்தான்.

நான் பட்டியலில் அவர் எண்ணைத் தேடினேன். வெறும் மாத்திரை. மறுபடி பார்த்தேன். வெறும் மாத்திரைதான். இதைச் சொன்னால் இன்றைக்கு ராத்திரியே இவர் தூக்கம் போய்விடுமே. சொல்லாமல் இருக்கவும் முடியாது, கேட்கிறவருக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது விதி. மாலதி மேடத்தைக் கூப்பிட்டேன். மேடம் டீச்சருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். மருந்து இல்லை. மூன்று மாதமும் நீங்கள் சாப்பிட்டதில் மருந்து இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் படுத்தீர்கள், ஒரே நேரத்தில் எழுந்தீர்கள், நோட்டு எழுதினீர்கள், தூக்கம் வருமா வருமா என்று பயப்படுவதை நிறுத்தினீர்கள்.

டீச்சர் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, தன் எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வர, பல் தெரிய, ஒரு பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கின பிள்ளை மாதிரி சிரித்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்: "அப்போ இத்தனை நாளும் தூங்கினது நானேதானா?"

எங்கள் ஆஸ்பத்திரி அடுத்து எடுத்திருப்பது பகலில் தூங்கி வழிகிறவர்களைப் பற்றிய ஆய்வு, ஊழியர்கள் சேரக்கூடாது என்று அதில் ஒரு விதி போட்டிருப்பதால்தான், மதியமானால் மேஜையிலேயே கண் அசரும் என்னுடையது முதல் கையெழுத்தாக இல்லாமல் போனது.